குவாட்டர்பேக்கை வளர்த்தெடுப்பது எப்படி? ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களுக்கு குவாட்டர்பேக் யார் என்பது சீக்கிரம் புரிந்துவிடும். பந்தை எறிகிறவர் அவர்தான், கேமராவும் அவரை விட்டு நகராது. ஆனால் எந்தப் பந்தை, எப்போது, யாரை நோக்கி எறிய வேண்டும் என்று திட்டம் போடுபவர் பெரும்பாலும் வேறொருவர். அவரைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது என்பதால், ஒரே உதாரணத்தை முழுக்கப் பின்தொடர்கிறேன்: 2018 முதல் 2021 சீசன் வரை பஃபலோ பில்ஸ் அணியில் கோஆர்டினேட்டராக இருந்த பிரையன் டேபாலும், அவர் கையில் வந்து சேர்ந்த ஜோஷ் ஆலனும்.

ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டரின் வேலை என்ன?

பந்து நம் கையில் இருக்கும்போது களமிறங்கும் 11 பேருக்கும் அவர்தான் பொறுப்பு. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு 'பிளே' தேவை: யார் எங்கே நிற்பது, யார் எந்தப் பாதையில் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது. ஒரு ஆட்டத்தில் சுமார் 60, 70 பிளேக்கள் வரும். அவற்றை வடிவமைப்பது, வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுப்பது, ஆட்ட நாளில் சரியான நேரத்தில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது, இந்த மூன்றும் அவர் தலையில்.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே கேப்டன் மைதானத்தில் நின்றபடி முடிவெடுப்பார், கோச் பெவிலியனில் இருப்பார். இங்கே ஒவ்வொரு பந்துக்கும் கோச்சிடமிருந்து கட்டளை வருகிறது.

தலைமைப் பயிற்சியாளர் இருக்கும்போது இவர் எதற்கு?

சில அணிகளில் தலைமைப் பயிற்சியாளரே பிளே சொல்வார். கான்சஸ் சிட்டி அணியில் பல வருடங்களாக ஆண்டி ரீட் அப்படித்தான். அங்கே கோஆர்டினேட்டர் துணையாக இருப்பார். பில்ஸில் நிலைமை வேறு. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட் தடுப்பாட்டத்திலிருந்து வந்தவர். அதனால் தாக்குதல் பக்கம் ஏறக்குறைய முழுக்க டேபாலின் கையில் இருந்தது. ஒரு கோஆர்டினேட்டர் என்ன செய்தார் என்று பிரித்துப் பார்க்க பில்ஸ் நல்ல உதாரணமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு பிளேக்களுக்கு நடுவில் கோஆர்டினேட்டர் என்ன செய்கிறார்?

நேரம் மொத்தம் 40 விநாடி. முந்தைய பிளே முடிந்ததுமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை யார்டு வேண்டும், மைதானத்தின் எந்த இடம் என்று பார்த்து, கையிலிருக்கும் பெரிய அட்டையிலிருந்து கோஆர்டினேட்டர் ஒரு பிளேயை எடுக்கிறார். அந்த அட்டை குழப்பமான பட்டியல் அல்ல. 'மூன்றாவது முயற்சி, நீண்ட தூரம்', 'கோல் கோட்டுக்கு 10 யார்டுக்குள்' என்று சூழ்நிலை வாரியாகப் பிரித்து, வண்ணமிட்டு வைத்திருப்பார்கள்.

தேர்ந்தெடுத்த பிளே ரேடியோ வழியாக குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் போகிறது. ஹெல்மெட்டின் பின்புறம் ஒரு பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் உள்ள ஹெல்மெட் அதுதான் என்பதற்கான அடையாளம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் இந்த ரேடியோவை அனுமதித்தது 1994-இல். ஆனால் கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் பிளேயை மாற்றுவது குவாட்டர்பேக்கின் பொறுப்பு.

கோஆர்டினேட்டரின் குரல் போய்ச் சேராத அந்தப் பதினைந்து விநாடிக்காகத்தான் வாரம் முழுக்க வகுப்பு நடக்கிறது.

'சிஸ்டம்' என்கிறார்களே, அது என்ன?

பிளேக்களுக்குப் பெயர் வைக்கும் முறையும், அவற்றுக்குப் பின்னாலிருக்கும் சிந்தனையும் சேர்ந்ததுதான் சிஸ்டம். பில் வால்ஷ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரின் வழியில் வந்த 'வெஸ்ட் கோஸ்ட்' முறையில் ஒரு பிளேயின் பெயரே நீண்ட வாக்கியம் மாதிரி இருக்கும். யார் என்ன செய்ய வேண்டும் என்பது கிட்டத்தட்ட அதிலேயே அடங்கிவிடும்.

டேபால் வளர்ந்தது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில். அங்கே இருந்தது ரான் எர்ஹார்ட், ரே பெர்கின்ஸ் என்ற இரண்டு பயிற்சியாளர்களின் பெயரால் வழங்கும் முறை. அதில் ஒரு முழு யோசனைக்கும் ஒரே சொல்தான். மூன்று ரிசீவர்கள் (எறியும் பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள்) ஓடும் மூன்று பாதைகளையும் அந்தச் சொல் குறித்துவிடும். அவர்கள் எந்த வரிசையில் நின்றாலும், ரிசீவருக்குப் பதில் டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) நின்றாலும், யோசனை மாறாது. குவாட்டர்பேக் கற்க வேண்டியது குறைகிறது, ஆனால் எதிரணியின் கண்ணுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிகிறது. தடுமாறும் இளைஞன் ஒருவன் கையில் கொடுக்க இது நல்ல முறை என்பது என் எண்ணம்.

ஜோஷ் ஆலன் வந்தபோது எப்படி இருந்தார்?

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-இல் 7-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். வயோமிங் பல்கலைக்கழகம், ஆறடி ஐந்து அங்குல உயரம், அசாத்தியமான கை பலம். ஆனால் எறிந்த பந்துகளில் இலக்கைச் சேர்ந்தது கல்லூரியிலேயே 56 சதவீதம்தான். துல்லியம் இல்லாதவருக்கு அதைக் கற்றுத்தர முடியாது என்பது அப்போது பலரும் நம்பிய விஷயம். ஆலனைத் தேர்ந்தெடுத்ததைக் கடுமையாக விமர்சித்தவர்கள் ஏராளம்.

முதல் சீசனின் முதல் ஆட்டத்தை மற்றொரு குவாட்டர்பேக்கான நேதன் பீட்டர்மேன் தொடங்கினார். பால்டிமோரில் நடந்த அதில் பில்ஸ் 47-3 என்று நொறுங்கியது. ஆலன் இடையிலேயே இறங்க வேண்டியதாயிற்று, அடுத்த வாரத்திலிருந்து அவர்தான் தொடக்க ஆட்டக்காரர். அந்த வருடம் முழங்கையில் அடிபட்டு நான்கு ஆட்டங்களை இழந்தார். மொத்தத்தில் 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), 12 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது), 52.8 சதவீதத் துல்லியம்.

அந்த வருடத்தில் டேபால் செய்ததில் முக்கியமானது, ஆலனின் கால்களைக் கட்டிப்போடாமல் விட்டது. பிளே குலைந்தால் ஓடு என்று விட்டதோடு, அவர் ஓடுவதற்கென்றே பிளேக்களும் வைத்தார். ஆலன் 631 யார்டு ஓடினார். அணியிலேயே அதிகம் ஓடியவர் அவர்தான், பந்தோடு ஓடுவதையே வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக்குகள்கூட அவருக்குப் பின்னால்தான். எறிதல் கைகூடாத வருடத்திலும் அவரால் ஆட்டத்தை நகர்த்த முடிந்தது, தன்னம்பிக்கையும் உடையவில்லை. இளம் குவாட்டர்பேக்குகள் பலர் அழிவது திறமைக் குறைவால் அல்ல. தோல்வி மேல் தோல்வி வந்து தன் கண்ணையே நம்ப முடியாத நிலைக்குப் போய்விடுவதால்தான்.

'ரீட்' (எதிரணியைப் படிப்பது) கற்றுக்கொடுப்பது என்றால் நடைமுறையில் என்ன?

பந்து கைக்கு வந்த பிறகு குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் ஐந்து பேரையும் பார்க்க முடியாது. அதனால் நல்ல கோஆர்டினேட்டர், ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரைப் பார்த்தாலே விடை தெரிகிற மாதிரி பிளேயை அமைப்பார்.

'ஸ்மாஷ்' என்ற பழைய யோசனையைப் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் ரிசீவர் ஐந்தாறு யார்டு ஓடிச் சட்டென்று நின்று திரும்புகிறார். அவருக்கு உள்பக்கம் நிற்பவர் 12 யார்டு நேராக ஓடி, பிறகு மைதானத்தின் மூலையை நோக்கி வெட்டுகிறார். இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருப்பவர், ஓரத்தில் காவல் நிற்கும் கார்னர்பேக். அவர் பின்வாங்கினால் பந்து கீழே நிற்பவருக்கு. அவர் முன்னால் வந்தால் அவர் தலைக்கு மேலே, மூலைக்கு. எதைச் செய்தாலும் அவர் செய்தது தப்பாகிறது. குவாட்டர்பேக் பார்க்க வேண்டியது அந்த ஒருவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும்.

இப்படிப் பாதி மைதானத்தை மட்டும் படிக்கச் சொல்லித் தொடங்குவார்கள். அது பழகியதும் முழு மைதானம். அப்புறம், ஸ்னாப்புக்கு (பந்தைக் குவாட்டர்பேக்கிடம் கொடுத்து பிளே தொடங்கும் தருணம்) முன்பே ஒரு ரிசீவரைக் குறுக்கே நடக்கவிட்டு, அவரைத் துரத்தி ஒருவர் வருகிறாரா, அல்லது எல்லோரும் இருந்த இடத்திலேயே நகர்ந்து சரிசெய்துகொள்கிறார்களா என்று பார்க்கச் சொல்வார்கள். துரத்தி வந்தால் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் காவல். வராவிட்டால் பெரும்பாலும் இடத்துக்குக் காவல். பந்து கைக்கு வருவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். 'மோஷன்' எனப்படும் இந்த நகர்வை அழகுக்காகச் செய்வதாக நினைக்கிறவர்கள் உண்டு. புதியவர் ஒருவருக்கு அது தேர்வுத் தாளை முன்கூட்டியே காட்டுவதற்குச் சமம்.

துல்லியத்தைக் கற்றுத்தர முடியுமா? அதையும் கோஆர்டினேட்டர்தான் செய்கிறாரா?

முடியும் என்பதற்கு ஆலனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 2018-இல் 52.8, 2019-இல் 58.8, 2020-இல் 69.2 சதவீதம். ஆனால் அதைக் கோஆர்டினேட்டர் ஒருவர் செய்ததாகச் சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு.

சீசன் முடிந்ததிலிருந்து ஏப்ரல் வரை அணிப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க விதி அனுமதிப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் தனிப் பயிற்சியாளர்கள் வருகிறார்கள். ஆலன் ஜோர்டன் பாமர் என்ற முன்னாள் குவாட்டர்பேக்கிடம் கலிபோர்னியாவில் பயிற்சி எடுத்தார். கை பலம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: கால் சரியாக ஊன்றாமலேயே கையை மட்டும் நம்பி எறிவார்கள். பந்து வேகமாகப் போகும், ஆனால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. காலில் தொடங்கி இடுப்பு, தோள், கை என்று அசைவு ஒழுங்காக வரிசையில் வர வேண்டும். அதை ஆயிரக்கணக்கான முறை செய்து உடம்பில் ஏற்றுவதுதான் அந்தப் பயிற்சி.

அணிக்குள் குவாட்டர்பேக் பயிற்சியாளர் என்று தனியாக ஒருவர் உண்டு. 2018-இல் டேவிட் கல்லி. 2019 முதல் கென் டோர்சி. மயாமி பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக்காக 2001 சீசனில் தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர் அவர்.

இதிலெல்லாம் கோஆர்டினேட்டரின் பங்கு வேறு வகையானது. எறிவதற்கு எளிதான பந்துகளைத் தருவதுதான் அது. யாரும் காவலில்லாமல் நிற்கும் ஆளுக்கு எட்டு யார்டு எறிவதும், இருவர் நடுவே 25 யார்டு எறிவதும் துல்லியக் கணக்கில் ஒன்றாகத்தான் ஏறும். முதல் வகை எத்தனை, இரண்டாவது எத்தனை என்பதை நிர்ணயிப்பவர் பிளே சொல்பவர். துல்லியத்தில் ஒரு பங்கு கையில் இருக்கிறது, ஒரு பங்கு அட்டையில் இருக்கிறது.

2019-இல் என்ன நடந்தது?

அணி முதலில் சுற்றுப்புறத்தைச் சரிசெய்தது. வேகமான ஜான் பிரவுன், இடைவெளியில் நழுவும் கோல் பீஸ்லி, நடுவில் தடுக்க மிட்ச் மோர்ஸ் ஆகியோர் வந்தார்கள். ஆலன் 20 டச்டவுன் எறிந்தார், 9 இன்டர்செப்ஷன். பில்ஸ் 10-6 (10 வெற்றி, 6 தோல்வி) என்று பிளேஆஃப் எனும் நாக்அவுட் சுற்றுக்குப் போனது.

ஹூஸ்டனில் 2020 ஜனவரி 4 அன்று நடந்த அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்க்கச் சொல்வேன். முதல் வாய்ப்பிலேயே டேபால் ஒரு தந்திரப் பிளே வைத்தார். பந்தை ஜான் பிரவுன் எறிய, ஆலன் பிடித்து டச்டவுன் போட்டார். 16-0 என்று முன்னிலை. அப்புறம் எல்லாம் கைநழுவியது. நான்காவது கால்பகுதியின் கடைசி நேரத்தில், எதிரணியினர் தன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது ஆலன் பந்தைப் பக்கவாட்டில் டைட் எண்ட் டாசன் நாக்ஸை நோக்கித் தூக்கிப்போட்டார். பார்த்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்த தருணம் அது. கூடுதல் நேரத்தில் 22-19 என்று பில்ஸ் தோற்றது. இரண்டு வருடம் பயிற்சி கொடுத்த பிறகும் அழுத்தம் ஏறினால் பழைய ஆள் வெளியே வந்துவிடுகிறான் என்பதுதான் அங்கே தெரிந்தது.

2020-இல் அந்தத் தாவல் ஏன்? டிக்ஸ் வந்ததாலா, டேபாலாலா?

2020 மார்ச்சில் பில்ஸ் டிராஃப்டில் தன் முதல் சுற்றுத் தேர்வோடு இன்னும் சில தேர்வுகளையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கியது. அந்த சீசனில் டிக்ஸ் 127 முறை பந்தைப் பிடித்து 1,535 யார்டு எடுத்தார். இரண்டிலும் லீகிலேயே முதலிடம். ஆகவே டிக்ஸால்தான் என்று சொல்பவர்களை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் டிக்ஸ் வந்ததும் டேபால் என்ன மாற்றினார் என்று பாருங்கள். முதல் முயற்சியில் ஓடு, முடியாவிட்டால் எறி என்பது பழைய வழக்கம். அவர் முதல் முயற்சியிலிருந்தே எறியச் சொன்னார். எதிரணி ஓட்டத்துக்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் எறிவது எளிது. நான்கு ரிசீவர்களை ஒரே நேரத்தில் அடிக்கடி இறக்கினார். அதனால் எதிரணியும் கனமான ஆட்களை வெளியே எடுத்துவிட்டு வேகமான ஆட்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவி நின்றதால், யார் எங்கே காவல் என்பது ஆலன் கண்ணுக்கு ஸ்னாப்புக்கு முன்பே தெரிந்தது. நடுவில் ஆள் குறைந்ததால் அவர் ஓடவும் இடம் கிடைத்தது.

முடிவு: 4,544 யார்டு, 37 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். கோவிட் காரணமாக முன்சீசன் ஆட்டங்கள் ஒன்றுகூட நடக்காத வருடம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்ஸ் 13-3, 1995-க்குப் பிறகு முதல் டிவிஷன் பட்டம். டேபாலுக்கு அந்த வருடத்தின் சிறந்த துணைப் பயிற்சியாளர் விருது கிடைத்தது.

என் கருத்து இது: 2018-இலேயே இதே திட்டத்தைக் கொடுத்திருந்தால் ஆலன் மூழ்கியிருப்பார். 2020 வரை 2018-இன் திட்டத்தோடே இருந்திருந்தால் தேங்கியிருப்பார். எந்த வருடத்துக்கு எந்தத் திட்டம் என்று கண்டதுதான் டேபாலின் கெட்டிக்காரத்தனம்.

வாரம் முழுக்க என்ன நடக்கும்?

ஆட்டம் ஞாயிறு என்றால், திங்கள், செவ்வாயில் எதிரணியின் வீடியோவைப் பார்த்துத் திட்டம் போடுவார்கள். புதனில் முதல், இரண்டாம் முயற்சிக்கான பிளேக்கள். வியாழனில் மூன்றாம் முயற்சி. வெள்ளியில் கோல் கோட்டுக்கு அருகே. சனி இரவு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குவாட்டர்பேக்கோடு கடைசிப் பேச்சு. அதில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: உனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது? குவாட்டர்பேக் தயங்கும் பிளேயை நல்ல கோஆர்டினேட்டர் அடித்துவிடுவார். தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, எறிபவருக்கு நம்பிக்கை இல்லாத பிளே அரை விநாடி தாமதமாகத்தான் நடக்கும்.

தொடக்கப் பிளேக்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு. பில் வால்ஷ் பிரபலமாக்கியது. முதல் 15 பிளே இதுதான் என்று முந்தைய இரவே தெரிந்தால், குவாட்டர்பேக் நிம்மதியாகத் தூங்குவார்.

எல்லாம் கூடிவந்தால் எப்படி இருக்கும்?

2022 ஜனவரி 15, பிளேஆஃப், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு எதிராக, பஃபலோவில். உறைநிலைக்கு 10 டிகிரிக்கும் கீழே போன குளிர். எதிரே நின்ற தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசெக், டேபாலுக்கு முன்னாள் முதலாளி. பில்ஸ் பந்து கிடைத்த முதல் ஏழு முறையும் டச்டவுன் போட்டது. கடைசியில் கடிகாரத்தை ஓட்ட மண்டியிட்டதை விட்டுவிட்டால், ஒரு பன்ட் (முன்னேற முடியாமல் பந்தை எதிரணியிடம் உதைத்துவிடுவது) இல்லை, ஒரு ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) இல்லை, பந்தைப் பறிகொடுக்கவும் இல்லை. 47-17. ஆலன் எறிந்த 25-இல் 21 சேர்ந்தது, அதில் ஐந்து டச்டவுன். தவறிய பந்துகளைவிட டச்டவுன்கள் அதிகம்!

அடுத்த வாரம் கான்சஸ் சிட்டியில் கூடுதல் நேரத்தில் 42-36 என்று தோற்றார்கள். ஆலன் நான்கு டச்டவுன் எறிந்தார், நான்கையும் பிடித்தவர் கேப்ரியல் டேவிஸ். கூடுதல் நேரத்தில் ஆலனுக்குப் பந்தே கிடைக்கவில்லை. பிளேஆஃபில் இரு அணிக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று விதி மாறியது அதற்கு அப்புறம்தான்.

அப்படியானால் டேபால் கை வைத்த எந்தக் குவாட்டர்பேக்கும் உருப்படுவாரா?

இல்லை. பில்ஸுக்கு வருமுன் அவர் கிளீவ்லாந்து, மயாமி, கான்சஸ் சிட்டி என்று மூன்று அணிகளில் கோஆர்டினேட்டராக இருந்தார். 2012 கான்சஸ் சிட்டி 2-14, லீகிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுத்த அணி. பிறகு பேட்ரியட்ஸுக்குத் திரும்பி டைட் எண்ட் பயிற்சியாளராக வேலை பார்த்தார், 2017-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் தாக்குதல் ஆட்டத்தை நடத்தி தேசிய பட்டம் வென்றார், அப்புறம்தான் பில்ஸ்.

2022-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்த வருடம் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸை 5 இன்டர்செப்ஷனோடு நிறுத்திவைத்து, பிளேஆஃபில் மினசோட்டாவை 31-24 என்று வீழ்த்தி, சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். ஜோன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் 2024 நவம்பரில் அதே ஜோன்ஸை அணி விடுவித்துவிட்டது. ஆலனுக்குக் கிடைத்த தடுப்பு வரிசையும் ரிசீவர்களும் அங்கே இல்லை. ஆலனின் உடம்பும் கையும் வேறு யாருக்கும் இல்லை.

கோஆர்டினேட்டர் போய்விட்டால் குவாட்டர்பேக் என்ன ஆவார்?

பல இளைஞர்களுக்கு இது பெரிய அடி. வருடத்துக்கு ஒரு கோஆர்டினேட்டர், வருடத்துக்கு ஒரு சிஸ்டம் என்று மாறினால், பார்த்துப் படிப்பதற்குப் பதில் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே காலம் போய்விடும். ஆலனுக்கு நான்கு வருடம் ஒரே குரல் கிடைத்தது. டேபால் போனதும் கென் டோர்சி அந்த இடத்துக்கு வந்தார். ஆலனோடு மூன்று வருடம் அறையில் உட்கார்ந்தவர், அதனால் அடித்தளம் கலையவில்லை. 2023 நவம்பரில் டோர்சியை நீக்கிவிட்டு ஜோ பிரேடியை வைத்தார்கள். 2024 சீசனில், டிக்ஸும் இல்லாத அணியில், ஆலன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். சொல்லிக்கொடுத்தது அவருக்குள் தங்கிவிட்டது.

டிவியில் பார்க்கும்போது கோஆர்டினேட்டரின் வேலையை எப்படி அடையாளம் காண்பது?

பந்தைப் பார்க்காதீர்கள், முதல் சில வாரமாவது. ஸ்னாப்புக்கு முன் எத்தனை ரிசீவர்கள் நிற்கிறார்கள், யாராவது குறுக்கே நகர்கிறாரா என்று பாருங்கள். முதல் முயற்சியில் எறிகிறார்களா, ஓடுகிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளைக்குப் பின் முதல் வாய்ப்பைத் தவறவிடாதீர்கள், எதிரணி செய்த மாற்றத்துக்கு இவர் கண்டுபிடித்த பதில் பல நேரம் அங்கேதான் வரும். முதல் பாதியில் மூன்று முறை ஓட்டத்துக்குப் பயன்பட்ட அதே நிற்றல் நான்காவது முறை வரும்போது, குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பதுபோல் நீட்டிவிட்டு இழுத்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். அப்படி இழுத்துக்கொண்டால், ஓட்டத்தைத் தடுக்க முன்னால் ஓடிவந்த லைன்பேக்கர்களுக்கு (நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள்) பின்னாலுள்ள வெற்றிடத்தில் யாரோ ஒருவர் தனியாக நின்றுகொண்டிருப்பார்.